அமைதி காக்கச் சென்ற படைகள்

நுழையும்முன்

இருவர் போரிடும்போது மூன்றாமவர் இடைபுகுந்து தடுப்பது பழமையான வழக்கம். அவ்வாறு புகுந்தவரால் போர் நின்றதும் உண்டு. புகுந்தவரே போரிடும் தரப்பாக மாறியதும் உண்டு. இந்திய வீரர்கள் கொரியா முதல் சியரா லியோன் வரை அமைதிப் பணிக்குச் சென்றுள்ளனர். 1987ஆம் ஆண்டு பாக் நீரிணையைக் கடந்து இலங்கைக்கும் சென்றனர். அப்பணிகளுள் சில நிறைவேறின, சில சிதைந்தன. அதற்கான காரணங்களை இப்பாடம் ஆராய்கிறது.

சந்து செய்வித்தல்

விழுப்புரம் மாவட்டத்தின் காணை வட்டாரத்துக்கு மேற்கே, தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்துள்ளது திருக்கோவலூர். சங்க காலத்தில் அது மலையமான் மரபினரின் ஊர். அம்மரபைச் சேர்ந்த இளஞ்சிறுவரைச் சோழன் கிள்ளிவளவன் யானைக் காலில் இட்டுக் கொல்ல முனைந்தபோது, கோவூர்கிழார் என்னும் புலவர் இடைபுகுந்து அவர்களைக் காத்தார். புறநானூற்றின் 46ஆம் பாடல் அச்சூழலில் பிறந்தது. அதற்கு முந்தைய பாடலும் அவருடையதே. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தான். இருவரும் சோழர் குடியினர். எவர் தோற்றாலும் தோற்பது அவர்தம் குடியே என்பதை இருவருக்கும் எடுத்துரைத்தார் புலவர். போர்மேற் செல்வோரையும் கொலைக்கு முனைவோரையும் தடுத்து அமைதிப்படுத்தும் இவ்வகைப் பாடல்கள் துணைவஞ்சி என்னும் துறையில் அடங்கும். பகைவரை ஒன்றுபடுத்தும் செயலைப் பழைய உரையாசிரியர்கள் ‘சந்து செய்வித்தல்’ என்றனர்.

கோவூர்கிழாரிடம் படை இல்லை. அவர் நாடு கேட்கவில்லை. இரு தரப்பாரும் அவரை அறிந்திருந்தனர். இரு தரப்பாரும் அவர் சொல்லைக் கேட்கும் நிலையில் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டில் இப்பணியை மேற்கொண்ட அரசுகளுக்கும் உலக அமைப்புகளுக்கும் படை இருந்தது. ஆயினும் புலவருக்கு வாய்த்த ஏனைய நலன்கள் அவற்றுக்கு எப்போதும் வாய்க்கவில்லை.

நீலத் தலைக்கவசம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1945இல் ஐக்கிய நாடுகள் அவை தோன்றியது. அதன் சாசனத்தில் ‘அமைதி காக்கும் படை’ என்னும் தொடரே இல்லை. சாசனத்தின் ஆறாம் இயல் பேச்சுவார்த்தையால் தீர்வு காண்பதைப் பற்றியது. ஏழாம் இயல் வலிமையால் கட்டுப்படுத்துவதைப் பற்றியது. அமைதி காக்கும் படை இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதால் அதனை ‘ஆறரையாம் இயல்’ என்று அவையின் பொதுச்செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷீல்ட் குறிப்பிட்டதாகக் கூறுவர். வேடிக்கையாகத் தோன்றும் இச்சொல்லில் அப்படையின் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. துப்பாக்கியைத் தோளில் ஏந்தியவர்கள் அதனைப் பயன்படுத்தாமல் பணியாற்ற வேண்டும்.

1956ஆம் ஆண்டு சூயசு கால்வாய்ப் போரின்போது முதன்முறையாக ஆயுதம் ஏந்திய பன்னாட்டு அமைதிப்படை எகிப்துக்கு அனுப்பப்பட்டது. அப்போது வகுக்கப்பட்ட நெறிகள் மூன்று. போரிடும் தரப்பினர் படையின் வருகைக்கு இசைய வேண்டும். படை எவர் பக்கமும் சாயக்கூடாது. தற்காப்புக்கன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தக்கூடாது. நீல வண்ணத் தலைக்கவசம் அணிந்து அப்படையில் பணியாற்றியோருள் இந்தியர் பலர். அப்படை பத்தாண்டுக் காலம் எல்லையில் அமைதியைக் காத்தது. 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் எகிப்து அதிபர் நாசர் தம் இசைவைத் திரும்பப் பெற்றார். படை வெளியேறத் தொடங்கியது. சூன் 5ஆம் நாள் போர் மூண்டது. வெளியேறும் நிலையில் காசாவில் இருந்த இந்திய வீரர்கள் சிலர் அத்தாக்குதலில் உயிரிழந்தனர். இசைவு என்னும் முதல் தூண் சாய்ந்தபின் ஏனைய இரண்டும் நிற்கவில்லை.

இசைவு உறுதியாக இருந்த பணிக்குக் கொரியா சான்றாகும். 1953இல் கொரியப் போர் நின்றபோது, தம் நாட்டுக்குத் திரும்ப மறுத்த போர்க்கைதிகள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களைக் காத்து, ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டறிய ஐந்து நாடுகளின் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் இந்தியத் தளபதி திம்மையா. இந்தியப் படைப்பிரிவு ஒன்று கைதிகளைக் காவல் காத்தது. தென்கொரிய அரசு இந்திய வீரர்கள் தன் மண்ணில் கால்வைக்கக்கூடாது எனப் பிடிவாதம் பிடித்ததால், அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப் படைவிலக்கப் பகுதியில் இறக்க நேர்ந்தது. கைதிகளுக்குள்ளேயே கொலைகளும் கலவரங்களும் நிகழ்ந்தன. ஆயினும் பணி வரையறுக்கப்பட்டதாக இருந்தது; அதற்குக் கால எல்லையும் இருந்தது. 1954இன் தொடக்கத்தில் பணி முடிந்து படை திரும்பியது. எந்தக் கொரியாவுக்கும் சீனாவுக்கும் போக விரும்பாத எண்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தனர் என்பது வரலாற்றின் சுவையான செய்தி.

தெரியுமா?

கொரியப் போர்க்களத்தில் 60ஆம் வான்குடை மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் மருத்துவர் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஆர்க்காட்டைத் தம் பெயரிலேயே தாங்கிய இத்தமிழர், மகாவீர் சக்கர விருது பெற்றவர்.

காங்கோ: எல்லை கடந்த பணி

1960 சூன் 30ஆம் நாள் பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்றது. சில நாள்களிலேயே படையினர் கலகம் செய்தனர். கனிம வளம் மிக்க கட்டாங்கா மாநிலம் தனிநாடு என அறிவித்துக்கொண்டது. அரசின் வேண்டுகோளின்படி ஐ.நா. படை சென்றது; அதன் எண்ணிக்கை ஏறத்தாழ இருபதாயிரம் வரை உயர்ந்தது. நாட்டின் முதல் தலைமையமைச்சர் லுமும்பா 1961 சனவரியில் கொல்லப்பட்டபோது ஐ.நா. படை அந்நாட்டில்தான் இருந்தது. அவரைக் காக்க அதனால் இயலவில்லை. அதன்பின் பாதுகாப்பு அவை படைக்குக் கூடுதல் அதிகாரம் வழங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அமைதிப் பேச்சுக்குச் சென்ற ஹாமர்ஷீல்ட் விமான விபத்தில் இறந்தார். டிசம்பர் 5ஆம் நாள் எலிசபெத்வில் நகரில் சாலைத் தடையை அகற்றச் சென்ற கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா, தம்மினும் பன்மடங்கு மிகுந்த எதிரிகளோடு போரிட்டு உயிர்நீத்தார். ஐ.நா. பணியில் பரம்வீர் சக்கர விருது பெற்ற ஒரே இந்தியர் அவரே.

1963 சனவரியில் கட்டாங்காவின் பிரிவினை முடிவுக்கு வந்தது. நாடு உடையாமல் காக்கப்பட்டது. அவ்வகையில் இது வெற்றியே. ஆனால், 1965இல் ஆட்சியைக் கைப்பற்றிய மொபுட்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாட்சி நடத்தினார். 1999இல் ஐ.நா. மீண்டும் காங்கோவுக்கு வரவேண்டியதாயிற்று. படையால் நிலப்பரப்பை ஒன்றுசேர்க்க முடிந்தது. நல்லாட்சியை அமைத்துத் தர அதனால் முடியவில்லை.

இலங்கையில் இந்திய அமைதிப்படை

மேற்கூறியவை ஐ.நா. கொடியின்கீழ் நிகழ்ந்தவை. 1987இல் இலங்கைக்குச் சென்றது தனியொரு நாட்டின் படை. இரு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தமே அதற்கு அடிப்படை. தமிழருக்கு மிக நெருக்கமானது என்பதாலும், படை அனுப்பும் செயலின் சிக்கல்கள் அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்டமையாலும் அதனை விரிவாக அறிதல் வேண்டும்.

1983 சூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறை, பல்லாயிரவரை ஏதிலியராகத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அதன்பின் அங்கு உள்நாட்டுப் போர் தீவிரமடைந்தது. 1985இல் பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சு தோல்வியுற்றது. 1987 மே மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் இலங்கைப் படை பெருந்தாக்குதல் தொடுத்தது. உணவும் மருந்துமின்றி மக்கள் வாடினர். இந்தியா நிவாரணப் பொருள்களுடன் அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. சூன் 4ஆம் நாள் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது ஏறத்தாழ 25 டன் பொருள்களை வானிலிருந்து இறக்கின. இந்நடவடிக்கைக்கு வைக்கப்பட்ட பெயர் ‘பூமாலை’.

சூலை 29ஆம் நாள் கொழும்பில் இந்தியத் தலைமையமைச்சர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணையும், கிழக்கு மக்கள் பின்னர் வாக்களித்து முடிவு செய்வர், தமிழும் ஆட்சிமொழியாகும், இலங்கைப் படை முகாம்களுக்குத் திரும்பும், போராளிக் குழுக்கள் 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இவற்றுக்கு இந்தியா பொறுப்பு நிற்கும். ஒப்பந்தத்துடன் இணைந்த கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தையும் எண்ணெய்க் கிடங்குகளையும் பற்றிய உறுதிமொழிகள் இருந்தன. அவை இந்தியாவின் பாதுகாப்பு நலன் சார்ந்தவை. கோவூர்கிழார் எதுவும் கேட்கவில்லை. இங்கு நடுவர் கேட்டார். அது குற்றமன்று, எந்த அரசும் தன் நலனைக் கருதவே செய்யும். ஆனால், நடுவரின் நடுநிலையை இரு தரப்பும் ஐயுறுவதற்கு அதுவே போதுமானதாயிற்று.

அதனினும் பெரிய குறை வேறொன்று. களத்தில் போரிட்ட தரப்புகள் இரண்டு: இலங்கைப் படையும் போராளிக் குழுக்களும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவை இரண்டு: இலங்கை அரசும் இந்திய அரசும். போராளிக் குழுக்களுள் வலிமை மிக்க விடுதலைப்புலிகள் அமைப்பு கையொப்பமிடவில்லை. அதன் தலைவர் பிரபாகரன் அப்போது தில்லியில் ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த சுதுமலையில் பேசிய அவர், ஆயுதங்களை இந்தியாவிடம் ஒப்படைப்பதாகவும், தமிழரைக் காக்கும் பொறுப்பு இனி இந்தியாவினுடையது என்றும் அறிவித்தார். சிங்கள மக்களிடமும் ஒப்பந்தம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. சூலை 30ஆம் நாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டிருந்த ராஜீவ் காந்தியை இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார்.

அதே நாளில் இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. ஊர்தோறும் மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். இலங்கைப் படையின் குண்டுவீச்சிலிருந்து தம்மைக் காக்க வந்தோர் என்றே அவர்கள் வீரர்களைக் கருதினர். வந்த வீரர்களும் போரிட வரவில்லை. ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடனேயே வந்தனர். ஒப்படைக்கப்பட்டவை இருந்த ஆயுதங்களில் ஒரு பகுதியே என்பது விரைவில் தெரிந்தது. போராளிக் குழுக்களுக்குள் கொலைகள் தொடர்ந்தன. கிழக்கில் அரசின் குடியேற்றம் தொடர்வதாக மக்கள் குறைகூறினர். செப்டம்பர் 15ஆம் நாள் நல்லூரில் உண்ணாநோன்பு தொடங்கிய திலீபன் பன்னிரண்டாம் நாள் உயிர்நீத்தார். அவர் முன்வைத்த ஐந்து கோரிக்கைகள் இந்திய அரசை நோக்கியவை. தமிழ் மக்களின் மனம் இந்தியாவிடமிருந்து விலகிய தொடக்கம் அதுவே எனலாம்.

அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை, படகில் சென்ற பதினேழு புலிகளைப் பிடித்தது. அவர்களை விசாரணைக்காகக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல இலங்கை அரசு முனைந்தது. இந்தியப் படை அதனைத் தடுக்கவில்லை. 5ஆம் நாள் பலாலி விமானத் தளத்தில் அவர்கள் சயனைடு அருந்தினர், பன்னிருவர் இறந்தனர். அதன்பின் போர்நிறுத்தம் சிதைந்தது. ஐந்து நாள்கள் கழித்து, அக்டோபர் 10ஆம் நாள், அமைதி காக்க வந்த படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் போரைத் தொடங்கியது.

அப்போர்த் தொடக்கமே பெருந்துயரானது. 11ஆம் நாள் நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் வீரர் முப்பதின்மருள் ஒருவரே உயிர்பிழைத்தார். சந்து பொந்துகள் நிறைந்த நகரில் வீட்டுக்கு வீடு போர் நடந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை இழந்து, அம்மாத இறுதிக்குள் படை நகரைக் கைப்பற்றியது. அதற்கு யாழ்ப்பாண மக்கள் கொடுத்த விலை அதனினும் பெரிது. அக்டோபர் 21ஆம் நாள், தீபாவளியன்று, யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் புகுந்த வீரர்கள் சுட்டதில் மருத்துவர், செவிலியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாலையிட்டு வரவேற்ற கைகள் மூன்று மாதங்களுக்குள் பிணங்களை எடுத்து அடுக்கின. படையினரின் தனிப்பட்ட கொடுமை என்று மட்டும் இதனைக் கூறிவிட இயலாது. எவர் பகைவர், எவர் பொதுமக்கள் எனப் பிரித்தறிய இயலாத களத்தில், அம்மக்களின் மொழியறியாத படையைத் தெளிவற்ற ஆணையுடன் நிறுத்தியோருக்கும் இதில் பொறுப்பு உண்டு.

வீரத்துக்கும் அங்குக் குறைவில்லை. 1987 நவம்பர் 25ஆம் நாள், பதுங்கியிருந்தோர் சூழ்ந்து தாக்கியபோது மார்பில் குண்டடிபட்ட நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, இறுதிமூச்சு வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டு இறந்தார் மேஜர் இராமசாமி பரமேஸ்வரன். மும்பையில் பிறந்த தமிழரான அவருக்குப் பரம்வீர் சக்கர விருது வழங்கப்பெற்றது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள படையினர் குடியிருப்பு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

படையின் எண்ணிக்கை எழுபதாயிரத்தைக் கடந்தது. அரசியல் பணியும் நடந்தது. இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியது. 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாணத் தேர்தல் நடந்து வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். ஆயினும் அவ்வாட்சிக்கு உரிய அதிகாரங்களைக் கொழும்பு வழங்கவில்லை. அதனைக் காப்பதற்கென அமைக்கப்பட்ட படைக்கு இளைஞர்கள் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்டனர். மாகாண அரசு இந்தியப் படையின் நிழலில் நின்றது; நிழல் அகன்றதும் அது வீழ்ந்தது.

தென்னிலங்கையிலோ, அந்நியப் படை மண்ணில் நிற்பதையே காரணமாகக் காட்டி ஜனதா விமுக்தி பெரமுன கிளர்ச்சியைப் பெருக்கியது. பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் மாண்டனர். 1989இல் அதிபரான பிரேமதாசா, இந்தியப் படை சூலை இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். அவர் விடுதலைப்புலிகளுடன் பேச்சு நடத்தியதோடு, இந்தியப் படைக்கு எதிராக அவர்களுக்கு ஆயுதமும் வழங்கினார். அழைத்த அரசும் எதிர்த்தது. காக்கச் சென்ற மக்களும் வெறுத்தனர். உலக வரலாற்றில் இத்தகைய நிலை ஓர் அமைதிப்படைக்கு நேர்ந்தது அரிது. தில்லியில் ஆட்சி மாறியது. 1990 மார்ச் 24ஆம் நாள் இறுதி அணி திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்திருந்தனர். சென்னை வந்த படைக்கு அளிக்கப்பட்ட வரவேற்பில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. தமிழரைக் கொன்ற படை என்னும் மக்களின் மனக்குமுறலை அவர் செயல் வெளிப்படுத்தியதாகச் சிலரும், ஆணையை நிறைவேற்றிய வீரருக்கு இழைத்த அவமதிப்பாகப் பிறரும் கருதினர். அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

மூன்று மாதங்கள் கடப்பதற்குள் இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். மாவட்டந்தோறும் முகாம்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டில் உள்ளது. இம்முகாம்களிலேயே பிறந்து, இம்மாநிலப் பள்ளிகளிலேயே படித்துப் பட்டம் பெற்ற ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. குடியுரிமை என்னும் வினாவோ இன்னும் தீராமல் நிற்கிறது.

ஒரே படை, வேறு முடிவு

இலங்கையில் இந்தியப் படை திணறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1988 நவம்பர் 3ஆம் நாள், மாலத்தீவின் தலைநகரை இலங்கைத் தமிழ்க் குழு ஒன்றைச் சேர்ந்த கூலிப்படையினர் தாக்கினர். அதிபர் கயூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட வான்குடை வீரர்கள் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கினர்; சில மணி நேரத்தில் அதிபர் மீட்கப்பட்டார். கப்பலில் தப்பியோடியவர்களை இந்தியக் கடற்படை மறித்துப் பிடித்தது. படையின் பெரும்பகுதி விரைவிலேயே திரும்பியது. இலங்கையில் தோற்ற படை மாலத்தீவில் வென்றது எப்படி? வீரரின் திறமை மாறவில்லை. மாலத்தீவில் பகைவர் வெளியிலிருந்து வந்தவர். மக்கள் அவர்களை ஆதரிக்கவில்லை. பணி ஒன்றே ஒன்றுதான். அது முடிந்ததும் திரும்பிவிடலாம். இலங்கையில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

செல்லாமையும் ஒரு தோல்வி

இவற்றைக் கற்றபின், பிற நாட்டுப் போர்களில் தலையிடாதிருப்பதே நன்று எனத் தோன்றலாம். அம்முடிவை ருவாண்டா மறுக்கிறது. அங்கு ஐ.நா. படைத்தலைவராக இருந்த கனடியர் ரோமியோ டல்லேர், 1994 சனவரியிலேயே ஆயுதக் குவியல் பற்றியும் படுகொலைத் திட்டம் பற்றியும் நியூயார்க்குக்குச் செய்தி அனுப்பினார். ஆயுதங்களைக் கைப்பற்ற அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. பெல்ஜிய வீரர் பதின்மர் கொல்லப்பட்டதும் அந்நாடு தன் படையை விலக்கிக்கொண்டது. பாதுகாப்பு அவை ஏறத்தாழ 2,500 பேராக இருந்த படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. நூறு நாள்களில் ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். முந்தைய ஆண்டு சோமாலியாவில் பன்னாட்டுப் படைகள் பட்ட இழப்பே உலக நாடுகளைத் தயங்கச் செய்தது. ஒரு நாட்டில் கற்ற பாடம் மற்றொரு நாட்டில் கொலைக்களமாக விளைந்தது.

சியரா லியோனில் தொடக்கம் ருவாண்டாவைப் போலவே இருந்தது, முடிவு மாறியது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் கிளர்ச்சிப்படை ஏறத்தாழ ஐந்நூறு அமைதிப்படையினரைச் சிறைப்பிடித்தது. கைலாகுன் என்னும் ஊரில் இந்தியக் கூர்க்கா வீரர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் 75 நாள்கள் முற்றுகைக்குள் கிடந்தனர். ஆயுதத்தை ஒப்படைத்தால் விடுவோம் என்றனர் கிளர்ச்சியாளர், வீரர்கள் மறுத்தனர். சூலை நடுவில் ‘குக்ரி’ நடவடிக்கையின் மூலம் ஒருவரை மட்டுமே இழந்து அனைவரும் மீட்கப்பட்டனர். ஆயினும் பன்னாட்டுப் படையின் உட்பூசலும் அங்கு வெளிப்பட்டது. படைத்தலைவரான இந்தியத் தளபதி விஜய் ஜெட்லிக்கும் நைஜீரிய அதிகாரிகளுக்கும் இடையே கடும் கருத்து வேறுபாடு தோன்ற, இந்தியா தன் படையைத் திரும்பப் பெற்றது. வேறு நாடுகள் அவ்விடத்தை நிரப்பின. பிரித்தானியப் படை தனியே துணைநின்றது. படை பதினேழாயிரத்துக்கும் மேலாக உயர்த்தப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போராளிகள் ஆயுதம் களைந்தனர். தேர்தல் நடந்தது. 2005 டிசம்பரில் படை விடைபெற்றது. பின்வாங்காமை, போதிய எண்ணிக்கை, ஆயுதம் களைந்தோருக்கு மறுவாழ்வு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையால் கிட்டிய பயன் இது. ஆப்கானிஸ்தானிலோ இருபதாண்டுக் காலம் பணமும் படையும் குவிந்தும், 2021 ஆகஸ்டில் பன்னாட்டுப் படைகள் அகன்றுகொண்டிருந்தபோதே காபூல் வீழ்ந்தது.

படையில்லாக் கண்காணிப்பு

2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப்புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டபோது, இம்முறை இரு தரப்பும் கையொப்பமிட்டன. நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து நாடுகளைச் சேர்ந்த ஆயுதமற்ற கண்காணிப்பாளர்கள் வந்தனர். இந்திய அமைதிப்படையிடம் இருந்த வலிமை அவர்களிடம் இல்லை. அதற்கு இல்லாதிருந்த இசைவு அவர்களுக்கு இருந்தது. சில ஆண்டுகள் மக்கள் அச்சமின்றி வயலுக்கும் கடலுக்கும் சென்றனர். மீறல்களைக் குறித்துக்கொள்ள மட்டுமே அவர்களால் இயன்றது, தடுக்க இயலவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப்புலிகளைத் தடைசெய்ததும், அவ்வொன்றிய நாட்டினர் வெளியேற வேண்டும் என அவ்வமைப்பு கோரியது. மூன்று நாடுகளின் கண்காணிப்பாளர்கள் திரும்பினர். 2008 சனவரியில் அரசு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள, எஞ்சியோரும் விடைபெற்றனர். அதன்பின் 2009 மே மாதத்தில் போர் முடியும் வரை, களத்தில் நிகழ்ந்ததை உடனிருந்து குறிப்பெடுக்க நடுநிலையான கண்காணிப்புக் குழு எதுவும் இல்லை.

இலங்கையின் தலைநகரான ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டையில் இன்று இந்திய அமைதிப்படைக்கு நினைவுச்சின்னம் உள்ளது. உயிரிழந்த வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. வெளியேறுமாறு கூறிய அதே அரசு எழுப்பிய சின்னம் அது. யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையில் ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் நாள், பணியிலிருந்தபோது சுடப்பட்ட மருத்துவர்கள், செவிலியர், ஊழியர்கள் ஆகியோரின் படங்களுக்கு முன் விளக்கேற்றுகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. புறநானூற்றின் துணைவஞ்சித் துறைப் பாடல்களுள் ஒன்றைப் படித்து, புலவர் எவரிடம் எதனைக் கூறித் தடுத்தார் என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.

2. மாலத்தீவு, இலங்கை ஆகிய இரு நடவடிக்கைகளுக்கும் இடையேயான வேறுபாடுகளைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

3. ‘ருவாண்டாவில் தயங்கியதும் இலங்கையில் துணிந்ததும் தவறே’ என்னும் கூற்றை ஏற்றோ மறுத்தோ உரையாடுக.